முதலில் வாயில், பிறகு வாத்தியத்தில், அப்புறம் தாளில்

வணக்கம் அம்மா. தியரித் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கும் மகள், ஒரு பாட்டைக் கேட்டு அதன் கார்டுகளை (chords, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகளை) எழுதச் சொன்னால் திணறுகிறாள், இவளுக்கு பாப், ஜாஸ் இசைத்துறை சரிப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். சரிப்படும். ஒலித்த சுரத்தின் பெயரை அந்த நொடியே சொல்லிவிடும் திறமை மிகச் சிலருக்கே வாய்க்கிறது. தொழில்முறைக் கலைஞர்களில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. ஆதார சுருதியை வைத்து மற்ற சுரங்களை அளக்கும் கேள்வி ஞானம்தான் அவர்களுடைய கைமுதல். அது பழக்கத்தில் வருவது.

ஆனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இந்தத் துறையில் சான்றிதழைவிடக் காதுதான் வேலை வாங்கித் தரும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் மாதிரிப் பதிவை ஓரிரு முறை கேட்டதுமே கார்டுகளை, ஆதார சுருதியை 1 என்று வைத்து எண்ணி, 1, 4, 5 என்று எண்களாகக் குறித்துக்கொண்டு வாசிக்கத் தயாராகிவிடுவார்கள். 1950-களின் பிற்பகுதியில் அங்கே உருவான முறை அது. பாடகரின் குரலுக்காக ஸ்கேலை மாற்றினாலும் எண்கள் மாறுவதில்லை. உங்கள் மகளும் தொடக்கத்திலிருந்தே எண்களில் எழுதிப் பழகட்டும்.

இரண்டு சுரங்களை ஒலித்துக் காட்டி இடைவெளியைக் கேட்கும் செயலிகளை மட்டும் நம்ப வேண்டாம். அவற்றில் முழு மதிப்பெண் எடுப்பவர்கள், அதே சுரங்கள் பாட்டுக்குள் வரும்போது தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். பிடித்த பதிவொன்றில் எட்டுப் பத்து நொடிகள் எடுத்துக்கொண்டாலே போதும். கேட்டவுடன் வாத்தியத்தைத் தொடக் கூடாது. பதிவை நிறுத்திவிட்டுப் பாடிப் பார்க்க வேண்டும். ஜாஸ் பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ தம் மாணவர்களை சாக்ஸபோன் கலைஞர்களான லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் போன்றோரின் தனி வாசிப்புகளைப் பதிவோடு சேர்ந்து வாயால் பாட வைத்தார். பாட வராத இடம், காது இன்னும் பிடிக்காத இடம்.

கார்டுகளைக் கீழேயிருந்து தேட வேண்டும். ஆகக் கீழே ஒலிக்கும் பேஸ் (bass) எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு கார்டின் அடிச்சுரத்திலிருந்து எண்ணி மூன்றாம் சுரம், ஜாஸ் என்றால் ஏழாவதும். டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற கார்டு வரிசை ஜாஸில் திரும்பத் திரும்ப வரும். முதல் கார்டின் ஏழாம் சுரமான சி, அரைச் சுரம் இறங்கி பி ஆகிறது. அதுதான் ஜி 7-இன் மூன்றாம் சுரம். அடுத்து ஜி 7-இன் ஏழாம் சுரமான எஃப், அதேபோல் இறங்கி இ ஆகிறது. இந்த இரண்டு இறக்கங்களையும் பியானோவில் கார்டுகளை வாசித்தபடியே பாடட்டும். நன்றாகப் பதிந்துவிட்டால் எந்த ஸ்கேலில் வந்தாலும் காது கண்டுகொள்ளும்.

சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் மென்பொருளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தானாகவே எழுதித் தரும் மென்பொருளைக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அதன் பிழையைக் கண்டுபிடிக்கவும் காதுதான் வேண்டும்.

ஒலிப்பதிவு வாசிப்பு, இசைக்கோப்பு, மேடைக்குழு, நாடக ஒத்திகைப் பியானோ, கற்பித்தல் என எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை. பிறர் பாட்டை எழுதி விற்பதானால் உரிமையாளரின் அனுமதி தேவை என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள்.

தினமும் இருபது நிமிடம் செய்யட்டும். அடுத்த முறை வரும்போது, தானே எழுதிய ஒரு தாளையும் அந்தப் பதிவையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நகலெடுத்த சுத்தப் பிரதி வேண்டாம். அடித்துத் திருத்திய தாளைப் பார்த்தால்தான் எங்கே தடுக்குகிறது என்று என்னால் சொல்ல முடியும்.