தினமும் நூறு அலுவலக மெயில் வந்தால் எந்தக் கருவி உதவும்?

கேள்வி: "ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல் அலுவலக மெயில் வருகிறது. முக்கியமானது கண்ணில் படாமல் போய்விடுகிறது. சமாளிக்க நல்ல கருவி ஏதாவது உண்டா?"

என்ன வேலை என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் "கண்ணில் படாமல் போய்விடுகிறது" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், மேலே இருக்கும் யாரோ சத்தம் போட்டிருக்கிறார் என்று புரிகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் திருப்பூரில் ஒரு ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையருக்கும் எங்கள் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக்கொடுப்பவன். ஒரு டி-ஷர்ட் ஆர்டர் வந்தால் டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவ விவரம்), லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமேற்றிய துணித்துண்டு), ஃபிட் சாம்பிள், பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி), மெயின் லேபிள், கார்ட்டன் மார்க்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மெயில் ஓடும். ஒவ்வொன்றிலும் பையர், பையிங் ஆபீஸ் (பையர் சார்பில் ஆர்டரைக் கவனிப்பவர்கள்), எங்கள் ஜிஎம், குவாலிட்டி, அக்கவுண்ட்ஸ் எல்லோரும் சிசியில் இருப்பார்கள். "நோட்டட், தேங்க்ஸ்" என்று ஒருவர் ரிப்ளை ஆல் போட்டால் பத்துப் பேர் பெட்டியில் போய் விழும்.

ஐடி நண்பர்கள் வந்து "இந்தக் காலத்தில் யார் மெயில் பார்க்கிறார்கள், ஸ்லாக் மாதிரி சாட் ஆப் போடுங்கள்" என்பீர்கள் என்று தெரியும். பையர் ஜெர்மனியில் இருக்கிறார். அவர் மெயிலில்தான் அப்ரூவல் கொடுப்பார், நாளைக்குப் பிரச்சினை என்றால் அந்த மெயில்தான் சாட்சி. உங்கள் அலுவலகக் கதை வேறு, எங்கள் கதை வேறு. "ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டும் மெயில் திறங்கள்" என்ற அறிவுரையும் எங்களுக்கு ஒத்து வராது. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அமெரிக்கப் பையர் என்றால் நாம் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அவர் நாற்காலியில் உட்காருவார்.

சரி, கருவிக்கு வருகிறேன். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். எங்களிடம் இருப்பது மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் (கணினியில் நிறுவும் கிளாசிக் பதிப்பு), அதில் ரூல்ஸ் என்று, மெயிலைத் தானாகப் பிரிக்கும் வசதி ஒன்று இருக்கிறது. முதலில் போட வேண்டிய ரூல், என் பெயர் சிசியில் மட்டும் இருந்தால் அந்த மெயில் தனி ஃபோல்டருக்குப் போகட்டும் என்பது. இதற்கான நிபந்தனை அவுட்லுக்கிலேயே தயாராக இருக்கிறது. பெறுநர் வரிசையான டூவில் என் பெயர் இருந்தால் நான் ஏதோ செய்ய வேண்டும். சிசியில் இருந்தால் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தால் போதும், சாயங்காலம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். ("சிசியில் போட்டே வேலை சொல்லும் மேனேஜர் எங்களுக்கு இருக்கிறாரே" என்று கேட்பீர்கள். எங்களுக்கும் இருக்கிறார். அவர் பெயருக்கு மட்டும் விதிவிலக்கு வைத்துவிட்டேன்.)

ஒன்று கவனியுங்கள். சில ரூல்கள் கணினியில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் ஓடும். அதை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால் போனில் எல்லாம் கலந்துகட்டித்தான் தெரியும். ரூல் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

அடுத்தது சப்ஜெக்ட் லைன். கேட்க அற்பமாக இருக்கும். எனக்கு முன்பு இந்த இருக்கையில் இருந்தவர் பையர் தரப்பு ஆள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். அந்த ஆள் வேலை மாறியதும் அதே ஸ்டைலின் (ஒரு ஆடை மாடலின்) மெயில்கள் இரண்டு மூன்று ஃபோல்டரில் சிதறிக் கிடந்தன. நான் ஆளை விட்டுவிட்டு ஸ்டைல் நம்பரைப் பிடித்துக்கொண்டேன். பையர் ஒரே மெயிலில் ஐந்து ஸ்டைலுக்குக் கமெண்ட்ஸ் கொட்டுவார், சப்ஜெக்டில் "அர்ஜெண்ட்" என்று மட்டும் இருக்கும். ஸ்டைலுக்கு ஒன்றாக ஐந்து பதில் அனுப்புவேன், ஒவ்வொரு சப்ஜெக்டிலும் ஸ்டைல் நம்பர், பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர், என்ன விஷயம் என்பது இருக்கும். ஆரம்பத்தில் "எதற்கு இத்தனை மெயில்" என்று முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர்களே அதே சப்ஜெக்டில் பதில் போட ஆரம்பித்தார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்டால் ஒரு சம்பவம் சொல்கிறேன். ஷிப்மெண்ட் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி, சரக்கு அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பையரிடமிருந்து ஷேடு (துணியின் நிறம்) சரியில்லை என்று டெபிட் நோட், அதாவது எங்களுக்குத் தரவேண்டிய பணத்தில் பிடித்தம் செய்வதாகச் சொல்லும் சீட்டு, வந்தது. "இந்த ஷேடை நாங்கள் அப்ரூவ் செய்யவே இல்லை" என்றார்கள். லேப் டிப்பில் ஏ, பி, சி என்று மூன்று ஆப்ஷன் அனுப்பியிருந்தோம், அவர்கள் தேர்ந்தெடுத்தது பி. டையிங் மாஸ்டருக்கு அது நன்றாக நினைவிருந்தது, ஆனால் நினைவைக் காட்டி யாரிடம் வாதாட முடியும்? முதலாளி ஏறக்குறைய பணத்தை விட்டுக்கொடுக்கும் மனநிலைக்கு வந்துவிட்டார். நான் அவுட்லுக் தேடல் பெட்டியில் சப்ஜெக்ட் என்று போட்டு ஸ்டைல் நம்பரைக் கொடுத்து, இணைப்பு உள்ள மெயில்கள் மட்டும் வேண்டும் என்று வடிகட்டினேன். பி ஆப்ஷன் துணித்துண்டு ஒட்டிய கார்டு, கையெழுத்தோடு ஸ்கேன் செய்து அவர்களே அனுப்பியது, வந்து நின்றது. அப்ரூவல் கொடுத்தவர் வேலையை விட்டுப் போயிருக்கிறார், புதிதாக வந்தவருக்கு விஷயம் தெரியவில்லை, அவ்வளவுதான். டெபிட் நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முதலாளி கார்டைப் பார்த்துவிட்டு, "சரி, அந்த நேவி ப்ளூ ஆர்டர் என்னாச்சு?" என்றார். எங்கள் தொழிலில் பாராட்டு இப்படித்தான் வரும்.

சொல்லும்போதே இன்னொன்றும் வருகிறது. பெண் பார்க்கப் போனால் "தம்பி என்ன பண்றாரு?" என்பார்கள். மெர்ச்சண்டைசர் என்றதும் "ஓ, பனியன் கம்பெனியா" என்று ஒரு இழுவை. நான்கு நாட்டு ஆட்களோடு ஆங்கிலத்தில் மல்லுக்கட்டி, கோடிக்கணக்கில் சரக்கைக் கப்பலேற்றுகிறவனுக்கு இந்த மரியாதை. பெங்களூரில் உட்கார்ந்து இதே மெயிலைப் பார்ப்பவருக்கு மட்டும் ஐடி மாப்பிள்ளை என்று பெயர். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், போகட்டும்.

ஏஐ பற்றி யாராவது கேட்பீர்கள். நீளமான மெயில் சங்கிலியைச் சுருக்கித் தரும் வசதியை நானும் பயன்படுத்துகிறேன், பதில் எழுதும்போது ஆங்கிலத்தைச் சீராக்கவும் நன்றாக உதவுகிறது. ஆனால் அப்ரூவல் விஷயத்தில் நம்ப மாட்டேன். "அப்ரூவ்டு, பல்க்கில் நெக் ரிப் ஜிஎஸ்எம் சரிசெய்ய வேண்டும்" (மொத்த உற்பத்தியில் கழுத்துப் பட்டைத் துணியின் எடையைத் திருத்த வேண்டும்) என்று பையர் எழுதியிருந்ததைச் சுருக்கம் "அப்ரூவ் ஆகிவிட்டது" என்று காட்டியது. அந்தப் பின்பாதியில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. அப்புறம் விலைப் பேச்சு உள்ள மெயிலை அலுவலகம் அனுமதிக்காத தளங்களில் ஒட்டாதீர்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சிலதும் உண்டு. அனுப்பிய மெயில் சில நிமிடம் அவுட்பாக்ஸில் நின்று போகும்படி ரூல் போடலாம், இணைப்பை மறந்தவர்களுக்கு அது தெய்வம். பதில் வரவேண்டிய மெயிலை அனுப்பும்போதே ஃபாலோ-அப் கொடி வைத்துவிடுங்கள். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய மெயிலை அழிக்காதீர்கள், ஆர்க்கைவ் செய்யுங்கள்.

ரூல் போடப் பழகியதும் அந்தப் பட்டியலை அவ்வப்போது திறந்து பாருங்கள். நீங்கள் போடாத ரூல் ஒன்று அதில் இருந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றி, ஐடி ஆளைக் கூப்பிடுங்கள். மெயில் பெட்டிக்குள் புகுந்த திருடன் பெரும்பாலும் முதலில் செய்வது இதுதான். பையரின் பதில்கள் உங்கள் கண்ணில் படாமல் ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் மாதிரி யாரும் திறக்காத ஃபோல்டருக்குப் போகும்படி ரூல் போட்டுவிட்டு, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்கள் பெயரிலேயே பையருக்கு எழுதுவான். கணக்கு மாறியதாக உங்களுக்கு மெயில் வந்தாலும் அதிலுள்ள எண்ணுக்குப் பேசாதீர்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் பேசிக் கேட்டுக்கொள்ளுங்கள்.