அரபு படிக்கட்டும், தொழிலையும் சேர்த்துப் படிக்கட்டும்

வணக்கம் ஐயா,

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மகன் அரபு படிக்கப் போவதாகச் சொன்னதில் நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். "அது முஸ்லிம் பிள்ளைகளின் மொழி அல்லவா, எழுத்தே தெரியாதவன் 19 வயதில் தொடங்கி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருந்தீர்கள். வயது ஒரு தடையே இல்லை. மதமும் தடையில்லை. லெபனானிலும் எகிப்திலும் கிறிஸ்தவர்களுக்கும் தாய்மொழி அரபுதான். 1973 முதல் அது ஐக்கிய நாடுகள் சபையின் அலுவல் மொழிகளில் ஒன்று.

வேலை விடயத்தில் மட்டும் உங்கள் பயம் நியாயமானது. வெறும் அரபு சோறு போடாது. மொழிபெயர்ப்பாளராகவோ ஆசிரியராகவோ வர வேண்டுமானால் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருப்பதுபோன்ற பட்டப்படிப்பும் பல வருட உழைப்பும் வேண்டும். ஆங்கிலம் பேசும் தம் அலுவலர்கள் அரபில் தேர்ச்சி பெறச் சுமார் 2200 வகுப்பு மணித்தியாலங்கள் தேவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே கணக்கு வைத்திருக்கிறது. ஆகவே "முப்பது நாளில் அரபு" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மகனுக்கு ஹோட்டல் துறையில் விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் ஒன்றை முதலில் எடுக்கட்டும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் பயிற்சிக்கு இடம் கேட்டுப் பார்க்கட்டும். அதோடு ஆங்கிலமும் ஓரளவு அரபும் இருந்தால், வளைகுடாவில் விருந்தினரை வரவேற்கும் மேசைக்குப் போட்டியிடும்போது அவன் கை ஓங்கும்.

எந்த அரபு என்பதையும் முடிவு செய்ய வேண்டும். பத்திரிகையிலும் அலுவலகக் கடிதங்களிலும் வருவது ஃபுஸ்ஹா எனப்படும் பொது எழுத்து அரபு. வீட்டிலும் கடையிலும் அதை யாரும் பேசுவதில்லை. வளைகுடாவில் ஒரு பேச்சு, எகிப்தில் வேறொரு பேச்சு, மொரோக்கோவில் முற்றிலும் வேறு. உங்கள் மகன் ஃபுஸ்ஹாவில் அடிப்படை போட்டுவிட்டு வளைகுடாப் பேச்சுக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து.

எழுத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மொத்தம் 28 எழுத்துகள், வலமிருந்து இடமாக. சொல்லின் முதலிலும் நடுவிலும் இறுதியிலும் உருவம் மாறும்; ஆறு எழுத்துகள் மட்டும் அடுத்த எழுத்தோடு ஒட்டாது. தினமும் அரை மணித்தியாலம் கையால் எழுதினால் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். பத்திரிகைகளில் குறில் உயிர்களுக்குக் குறியீடு போடுவதில்லை. சொல்லைத் தெரிந்தவனே சரியாக வாசிப்பான். எனவே முதல் வருடம் குறியீடு இட்ட பாடங்களையே வாசிக்கட்டும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து தடுங்கள். தமிழ் எழுத்தில் அரபு கற்பிக்கும் கைநூல்களை வாங்க விடாதீர்கள். இதயத்துக்கும் நாய்க்கும் உரிய அரபுச் சொற்கள் இரண்டையும் தமிழில் 'கல்ப்' என்றே எழுத முடியும். முதல் ஒலி அடித்தொண்டையிலிருந்து வந்தால் இதயம், நம் ககரமாக வந்தால் நாய். இதைக் காதால் கேட்டு, வாயைத் திருத்த ஆள் வைத்துத்தான் பழக வேண்டும்.

அந்த ஆளுக்குத் திருகோணமலையில் பஞ்சமில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் அரபு இலக்கணத்தைத் தமிழிலேயே விளக்கும் மௌலவிமார் இருக்கிறார்கள். அவனோடு படித்த முஸ்லிம் நண்பர்களில் பலர் சிறுவயதிலிருந்தே குர்ஆன் ஓதி உச்சரிப்பைச் செம்மையாகப் பழகியவர்கள். பொருள் தெரியாமல் ஓதுபவர்களும் அவர்களில் உண்டு. மகனும் அப்படியொரு நண்பனும் சேர்ந்து படித்தால் நண்பன் ஒலியைத் திருத்தலாம், மகன் இலக்கணத்தில் துணை நிற்கலாம்.

இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் சொல்லமைப்பு. பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்கள்தான் வேர். எழுதுதலைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து கிதாப் புத்தகமாகவும், காதிப் எழுதுபவராகவும், மக்தப் அலுவலகமாகவும், மக்தபா நூலகமாகவும் பிறக்கின்றன. சொற்களை வேர்வாரியாகக் கொப்பியில் எழுதி வரச் சொல்லுங்கள். தனித்தனியாக மனப்பாடம் செய்பவர்கள்தான் பாதியில் களைத்துப் போகிறார்கள்.

வகுப்பில் சேர்க்கும்போது கட்டணத்தை மாதாமாதம் கட்டுவதாகச் சொல்லுங்கள். "மொழி படித்தால் விசா உறுதி" என்று யாராவது சொன்னால், அவர்களது முகவர் நிலையத்துக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே விசாரியுங்கள். அதுவரை கடவுச்சீட்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.