சிகரெட்டை விட்டபின் சுங்கான் என்னும் புகைக்குழாயைத் தொடரலாமா?

சிகரெட்டை நிறுத்தும் நீங்கள், ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன ஐயா விட்டுச்சென்ற சுங்கானை மட்டும் மாலையில் முகப்பில் அமர்ந்து பிடிக்கலாமா என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

சுங்கான் புகை பெரும்பாலும் காரத்தன்மை கொண்டதாதலால், நெஞ்சுக்குள் இழுக்காமலேயே நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. தொடக்கம் முதல் சுங்கான் மட்டுமே பிடித்தவர்கள் பெரும்பாலும் புகையை வாயோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் சிகரெட்டை ஆழமாக இழுத்துப் பழகியவர்கள் தம்மை அறியாமலே அதே இழுப்பைச் சுங்கானுக்கும் கொண்டுவந்துவிடுவதால், நுரையீரலுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. இழுக்காவிட்டாலும் வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய் அபாயம் உண்டு.

ஆகவே தொடர வேண்டாம் என்பதே என் கருத்து. ஐயாவின் பொருளைத் தூக்கியெறிய மனம் வராது. பெட்டகத்தில் பூட்டிச் சாவியை வீட்டு ஆச்சியிடம் கொடுத்துவிடுங்கள். ஏக்கம் மிகுந்தால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.