கல்லுப்பெட்டியின் அடிப்பக்கத்தை முதலில் பாருங்கள்

கேள்வி: மடுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அப்பப்பாவின் வளவைத் துப்புரவாக்கும்போது, பழைய வீட்டு அத்திவாரத்தோடு சாய்ந்தபடி ஒரு கல்லுப்பெட்டி கிடைத்தது. பாதி மண்ணுக்குள் இருந்தது. நீளம் 60 சென்ரிமீற்றர், அகலமும் மூடி இல்லாத உயரமும் 30. சுவரும் அடியும் மூடியும் 5 சென்ரிமீற்றர் தடிப்பு. முன்பக்கம் நீண்ட மேசையில் பதின்மூன்று பேர். ஒரு பக்கவாட்டில் சாவி வைத்திருப்பவர், மற்றதில் வாள் வைத்திருப்பவர். மூடியில் கொடி தாங்கிய ஆட்டுக்குட்டி. சித்தப்பா இது ஒல்லாந்தர் காலத்துச் சாமான், அடியில் இரகசிய அறை இருக்கும், உடைத்துப் பார்ப்போம் என்கிறார். ஒருவர் விலைக்கும் கேட்கிறார். இது என்ன? விற்கலாமா?

பதில்: முதல் வேலை, சித்தப்பாவிடம் இருக்கும் சுத்தியலை வாங்கி ஒளித்து வையுங்கள். 5 சென்ரிமீற்றர் அடிக்குள் இரகசிய அறை வைக்க இடமே இல்லை.

படங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவை என்பதில் சிக்கல் இல்லை. பதின்மூன்று பேர் இயேசுவின் இறுதி இராவுணவு. சாவி இராயப்பருக்கு (பேதுரு), வாள் சின்னப்பருக்கு (பவுல்). கொடி தாங்கிய குட்டி இறைவனின் செம்மறி. கத்தோலிக்க ஆலயத்தோடோ கத்தோலிக்க வீட்டோடோ சேர்ந்த பொருள் என்று துணிந்து சொல்லலாம். ஆனால் படம் சமயத்தைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. இதே இராயப்பரை இதே சாவியோடு நூற்றாண்டுக் கணக்காகச் செதுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

படத்திலிருந்து வயதுக்கு ஒரேயொரு துப்புக் கிடைக்கக்கூடும். அது அந்த மேசை. பதின்மூன்று பேரும் மேசையின் ஒரே பக்கத்தில் இருக்கிறார்களா? நடுவில் இயேசு தனித்திருக்க, சீடர்கள் மும்மூன்று பேராக நான்கு கூட்டமாகச் சாய்ந்திருக்கிறார்களா? இயேசுவுக்கு இடப்பக்கம், அதாவது பார்க்கிற உங்களுக்கு வலப்பக்கம், ஒருவர் சுட்டுவிரலை மேலே நீட்டியிருக்கிறாரா? அவர் தோமையார். உங்களுக்கு இடப்பக்கம் ஒருவர் பணப்பையைப் பொத்திப் பிடித்திருந்தால் அவர் யூதாஸ். இவ்வளவும் பொருந்தினால், அது 1495 முதல் 1498 வரையான காலத்தில் மிலான் நகரில் லியொனார்டோ டா வின்சி வரைந்த சுவரோவியத்தின் பிரதி. அதற்கு முன் செதுக்கியிருக்க வழியில்லை. அந்தப் படம் அச்சுப் பிரதிகளாக உலகம் முழுக்கப் போனது. நம்மூர் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குவதும் அதுதான். பழைய முறைகள் வேறு. இத்தாலியின் ரவென்னா நகரில் இருக்கும் 6ஆம் நூற்றாண்டு மொசைக்கில் சீடர்கள் வளைந்த மேசையைச் சுற்றிச் சாய்ந்து படுத்திருக்கிறார்கள், நடுவில் மீன் இருக்கிறது. பிந்திய பல படங்களில் யூதாஸ் மட்டும் மேசைக்கு இந்தப் பக்கம் தனியாக இருப்பார்.

இனி வயதுக்கு வருவோம். பெட்டியை மெதுவாகச் சரித்து, நெல்மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றுங்கள். கணக்கு இலேசானது. நீங்கள் தந்த அளவுப்படி வெளிப்புறக் கனவளவு 54 லீற்றர், உள்வெறுமை 25 லீற்றர். மிச்சம் 29 லீற்றர்தான் பொருள். கருங்கல், சலவைக்கல், மாக்கல் எல்லாமே லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ. ஆகவே உண்மையான கல் என்றால் மூடி இல்லாமலே 78 கிலோ அளவில் நிற்க வேண்டும், மூடி தனியாக 24 கிலோ. சீமெந்துக் கலவை என்றால் 65, 70 கிலோ. பிளாஸ்டர் என்றால் 35 கிலோவுக்குக் கிட்டத்தான் வரும். கல்தூளை ரெசினில் கலந்து வார்த்தது இரண்டுக்கும் இடையில் எங்கேயாவது நிற்கும். ஒருவராகத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் வைக்க முடிந்தது என்றால், அது கல்லே இல்லை. சரி, 78 கிலோ வந்துவிட்டது என்று வையுங்கள். கல் என்பது உறுதி, பழையது என்பது இன்னும் இல்லை.

அடிப்பக்கத்தையும் உட்புறத்தையும் பாருங்கள். போலி செய்கிறவர்கள் முகத்துக்குத்தான் பாடுபடுவார்கள், அடியில் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை. கைப்பேசி டோர்ச்சைப் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் பிடித்து, பின்னேரம் இருட்டும் நேரத்தில் பாருங்கள். உளியால் கொத்திய கல்லில் ஒழுங்கில்லாத சிறு குழிகளோ கோணல்மாணலான கோடுகளோ தெரியும். மின் அரவை வட்டு வெட்டிய இடத்தில் ஒரே வளைவில் அடுக்கடுக்கான கோடுகள் விழும், மூலைகளில் வட்டு எல்லை தாண்டி ஓடிய கீறலும் இருக்கும். வார்த்த பொருளில் குண்டூசித் தலை அளவில் காற்றுக் குமிழிக் குழிகளும், விளிம்போரமாக அச்சின் பொருத்துக் கோடும் இருக்கும். அப்புறம் அழுக்கு. நிஜமான பழமையில் கை படும் மேடுகள் மழுங்கியிருக்கும், பள்ளங்களில் அழுக்கு ஓரிடத்தில் தடிப்பாயும் ஓரிடத்தில் இல்லாமலும் இருக்கும். எல்லாப் பள்ளத்திலும் ஒரே சீராகக் கபில நிறம் என்றால் அது பூசியது.

உங்கள் பெட்டிக்கென்றே ஒரு விசயம். 60 சென்ரிமீற்றருக்குள் பதின்மூன்று பேர் என்றால் ஆளுக்கு ஐந்து சென்ரிமீற்றர் கூடத் தேறாது. முகம் ஒரு பெருவிரல் நகமளவு. வன்னியில் கிடைக்கும் கருங்கல் பெரும்பாலும் பரும்படியான மணிகள் கொண்டது. அதில் நகமளவு முகத்தில் கண்ணையும் மூக்கையும் பிரித்துக் காட்டுவது பெரிய சிற்பிக்கும் கஷ்டம். அந்த முகங்களில் தாடிமயிர் கூடத் தெளிவாகத் தெரிகிறது என்றால், அது மென்மையான கல் அல்லது வார்ப்பு. அடியில் மறைவான இடத்தில் ஊசி முனையால் மெல்லக் கீறுங்கள். மாக்கல் வழவழவென்று மாவாக உதிரும், சலவைக்கல்லிலும் சுண்ணக்கல்லிலும் கோடு விழும், கருங்கல்லில் ஊசிதான் தேயும். தேசிக்காய்ச்சாறு, அசிட் எதையும் ஊற்றிச் சோதிக்க வேண்டாம். கம்பி பிரஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம். காய்ந்த மெல்லிய தூரிகை மட்டும் போதும்.

ஒல்லாந்தர் காலம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தச் சபைக்காரர். புனிதர்களின் உருவங்களை வணக்கத்தில் வைக்காதவர்கள், கத்தோலிக்க வழிபாட்டையும் தடைசெய்தவர்கள். மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைக் காட்டு வழியாக மடுவுக்குக் கொண்டுவந்த கதை அந்தத் தடையில்தான் தொடங்குகிறது. உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒல்லாந்தர் விட்டுப்போன கற்களில் பெரும்பாலும் எழுத்தும் குலச்சின்னமும் கொண்ட கல்லறைப் பலகைகளைத்தான் காண்கிறோம். கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்லக் கேட்டால், உங்களுடையது கடந்த நூற்றைம்பது வருடத்துக்குள் செய்யப்பட்டது என்பதே என் ஊகம்.

என்ன பாவனைக்கு என்பதற்கு மூடியையும் அடியையும் பாருங்கள். மூடியில் நீளத் துவாரம் இருந்தால் காணிக்கைப் பெட்டி. அடியில் தண்ணீர் போகும் துளை இருந்தால் திருமுழுக்குத் தொட்டியாகப் பாவித்திருக்கலாம். உள்ளே ஒரு சிறு சதுரக் குழி பலகைக்கல்லால் மூடிப் பூசியிருந்தாலோ, மேற்பரப்பில் ஐந்து சிறு சிலுவைகள் வெட்டியிருந்தாலோ, கையை எடுத்துவிட்டுப் பங்குத்தந்தையைக் கூப்பிடுங்கள். பழைய பலிபீடக் கற்களில் ஐந்து சிலுவை வெட்டி, புனிதர்களின் திருப்பண்டத்தை (உடலின் எச்சத்தை) வைத்து மூடுவது வழக்கம். திருப்பண்டங்களை விற்கத் திருச்சபைச் சட்டம் இடம் தராது. போரில் இடிந்த ஆலயம் ஒன்றின் பொருள் உங்கள் வளவில் வந்து கிடக்கவும் கூடும். அதனால் எப்படியும் மன்னார் ஆயர் இல்லத்தில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

விற்பது பற்றி: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதென நம்பப்படும் பொருட்களைப் பற்றியது. அப்படியொன்று மண்ணிலிருந்து கிடைத்தால் அது அரசுக்குரியது, அறிவிக்காமல் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். உங்களுடையது பாதி மண்ணுக்குள் இருந்ததால், வயது தெரியும்வரை விலை பேசாதீர்கள். கிராம சேவகரிடம் சொல்லி, அவர் மூலம் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வவுனியாவில் அவர்களுடைய அருங்காட்சியகமும் இருக்கிறது. நாலு பக்கம், மூடி, உட்புறம், அடி எல்லாவற்றையும் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். கிடைத்த இடத்தைக் கிண்டாமல் விடுங்கள். புதையல் தோண்டினார்கள் என்று பிடிபடுகிறவர்களின் செய்தி வன்னியில் அடிக்கடி வருகிறது. அதைவிட, கண்ணிவெடி அகற்றியதாக உறுதிப்படுத்தாத காணி என்றால் மண்வெட்டியே போடக்கூடாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. ஒரே கல்லில் 9 அல்லது 25 சதுரக் குழிகள் வெட்டியிருந்தால் அது நகைப்பெட்டி இல்லை. பௌத்த விகாரைகளில் சிலைக்கு அடியில் வைத்த யந்திரக்கல். ஆள் படுத்த வடிவில் குடைந்த தொட்டி பழைய வைத்தியசாலைகளின் மருந்துத் தொட்டி, மிகிந்தலையில் ஒன்றைப் பார்க்கலாம். குளக்கட்டில் துருசுப் பக்கம் ஐந்து தலை நாகம் செதுக்கிய கல் நின்றால், அது தண்ணீருக்குக் காவலாக அங்கேயே நட்டது. பெயர்க்காதீர்கள்.