கடலோரக் காட்டில் காளான் நடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐப்பசியில் மழை இரண்டு தடவை நன்றாக இறங்கிவிட்டால் போதும், காளான் பற்றிய கேள்விகள் எனக்கு வரிசையாக வந்துவிடும். புதுச்சேரியை ஒட்டிய கடலோரக் காடுகளிலும் தோப்புகளிலும் நான் நடத்தும் நடைகளைப் பற்றி இந்த மழைக்கு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நடைக்கு வரும்போது கூடை எடுத்துவரலாமா? பறித்ததை வீட்டுக்குக் கொண்டுபோக விடுவீர்களா?

கூடை வேண்டாம். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். சரணாலயத்தில் அனுமதியின்றி எதையும் எடுத்துச் செல்வது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காளானும் அதில் அடக்கம். புத்துப்பட்டு ஐயனார் கோவில் காடு போன்ற இடங்களில் சட்டத்துக்கும் முந்தைய கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது: சாமி காட்டில் சுள்ளி ஒடிப்பதும் தவறு. கிழக்குக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காடு, அதாவது வறண்ட இடத்திலும் இலை மொத்தமாக உதிராத காடு, இன்றைக்குத் துண்டு துண்டாகவாவது மிஞ்சியிருப்பதற்கு அந்த ஊர்க்காரர்களின் பயபக்தியே காரணம். அங்கே உட்கார்ந்து பார்ப்போம், முகர்வோம், படம் வரைவோம். தனியார் தோப்பில் உரிமையாளர் சம்மதித்தால் மட்டும் ஒன்றிரண்டைப் பாடத்துக்காகத் தோண்டி எடுப்போம்.

எங்கள் வீட்டுப் புல்தரையில் வெள்ளை வெளேரென்று பெரிய காளான்கள் வட்டமாக முளைத்திருக்கின்றன. புற்றுக்காளான் மாதிரியே இருக்கிறது. சமைக்கலாமா?

சமைக்காதீர்கள். இந்த ஒரு கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் காளானால் வரும் தொல்லை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

புல்தரையில் வட்டம் போடும் அந்த வெள்ளைக் காளானின் பெயர் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். குடையின் மேல் பழுப்புச் செதில்கள், தண்டில் ஒரு வளையம், இளசாக இருக்கும்போது அடிமடிப்புகள் வெள்ளை. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். சாப்பிட்டால் ஓரிரு மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் பேதியும் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா டிபன் டப்பா நிறைய இதைக் கொண்டுவந்தார். மாமியாருக்குக் குழம்பு வைக்கப் போவதாகச் சொன்னார். ஒரு குடையை மட்டும் வாங்கி, தண்டை நறுக்கி, வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, மறுநாள் வரச் சொன்னேன். காலையில் கிண்ணத்தைத் தூக்கினோம். தாளில் மடிப்பு மடிப்பாக, பாசி நிறத்தில் பச்சைத் தூள் படிந்திருந்தது. அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

குடையிலிருந்து உதிரும் வித்துத்தூள் அது; பச்சை நிறம் குளோரோபில்லத்தின் அடையாளம். புற்றுக்காளான் பச்சைத் தூள் விடாது, மங்கலான இளஞ்சிவப்புத் தூள் விடும். குடை நடுவே கூரிய முனை இருக்கும், மண்ணைத் துளைத்து வருவதற்காக. தண்டைப் பின்தொடர்ந்து மெல்லத் தோண்டினால் அது வேர்போல நீண்டு, கறையான்கள் மென்று கட்டிய தேனடை போன்ற தோட்டத்தில் போய் முடியும். வளையத்தை நம்பாதீர்கள், புற்றுக்காளானிலும் சில வகைகளுக்கு அது உண்டு. நீண்ட வேரோ இளஞ்சிவப்புத் தூளோ தனித்தனியாகச் சாட்சி ஆகாது. வேறு காளான்களுக்கும் வேர் நீளும், இளஞ்சிவப்புத் தூள் விடும் நச்சுக்காளான்களும் உண்டு. எல்லா அடையாளங்களும் ஒன்றுசேர்ந்து, பல ஆண்டுகள் பறித்த ஒருவரும் பக்கத்தில் நின்று ஆமென்றால்தான் அது புற்றுக்காளான்.

வெள்ளி மோதிரத்தைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கறுக்கவில்லை என்றால் நல்ல காளான் என்று பாட்டி சொல்வார். உண்மையா?

இல்லை. மிகக் கொடிய காளான் நஞ்சும் வெள்ளியைக் கறுக்கவைக்காது. மஞ்சளோ பூண்டோ சேர்த்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும் அப்படியே பயனற்றது. நத்தை கடித்திருந்தால் நல்லது என்பதும் பொய்; நம்மைக் கொல்லும் காளானை நத்தை நிம்மதியாகத் தின்னும். பாட்டி பிழைத்தது மோதிரத்தால் அல்ல, எந்தப் புற்றில் எந்த மழைக்கு எது வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால். அவரிடம் அதைக் கேட்டு எழுதி வையுங்கள்.

பிச்சாவரத்தில் படகில் சுற்றினோம். ஒரு காளான்கூடக் கண்ணில் படவில்லையே?

உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் குடைக்காளானுக்கு இடமில்லை. ஆனால் அலையாத்திக் காட்டில் காளான் இனமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீரில் ஊறிய செத்த கட்டையைக் கைவில்லையால் (சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியால்) பார்த்தால், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத, புனல் வடிவ வெண்ணிறக் காளான்கள் தெரியக்கூடும். ஹாலோசைபினா வில்லோசா என்பது அதன் பெயர். குடைக்காளானின் உறவுதான், கடலுக்குப் பழகிக்கொண்டது. இதைத் தேடுவதற்காகவே கைவில்லை வாங்கலாம் என்பேன்.

தைலமரத் தோப்பில் உருளைக்கிழங்கு போல ஒன்று மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தது. அது என்ன?

பெரும்பாலும் பிசோலித்தஸ். கத்தியால் பிளந்தால் உள்ளே பட்டாணி அடுக்கியதுபோல் அறைகள் தெரியும். முற்றியது கை பட்டாலே பழுப்புப் பொடியாக உதிரும். மரத்தின் வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழ்கிறது. உணவுக்கு ஆகாது.

பிள்ளைகளை அழைத்துவரலாமா?

தாராளமாக. மூடிய ஷூ, முழுக்கால் சட்டை, கையில் ஒரு கோல். சருகில் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் நமக்குத் தெரியாது, புற்றில் கை விடவே கூடாது. தரையோடு தரையாக இருப்பதைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தாம் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

காட்டுக் காளான் சாப்பிட்டு வயிற்றைப் பிரட்டினால் முதலில் என்ன செய்வது?

108-ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் காளானை, சமைத்ததோ பச்சையோ, தாளில் சுற்றி மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்று சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கினால் கூடுதல் ஆபத்து: கல்லீரலை அழிக்கும் நஞ்சு அப்படித்தான் தாமதித்து வரும். நடுவில் உடம்பு தேறியதுபோலத் தோன்றும், அதை நம்பி வீடு திரும்பிவிடக் கூடாது.

புற்றுக்காளானை வீட்டில் வளர்க்க வழி உண்டா?

கறையான்கள் செய்வதை நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கடலோர வெக்கைக்கு ஏற்றது பால் காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏபிகே-2 ரகம் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்றாக வரும். வேகவைத்து ஈரம் வடித்த வைக்கோலும், நம்பகமான இடத்தில் வாங்கிய வித்தும், தினமும் தண்ணீர் தெளிக்க ஓர் ஆளும் இருந்தால் கொல்லைப்புறக் கொட்டகையே போதும்.