'எனக்குக் கணக்கே வராது' என்று அழும் ஏழு வயதுப் பிள்ளையை எப்படித் தேற்றுவது?

'இதெல்லாம் ஈஸி' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஈஸியானதே வரவில்லையென்றால் தான் மக்கு என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். 'கோபமா வருதா?' என்று கேட்டுவிட்டு, அழுகை அடங்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள். அதுவரை எந்த விளக்கமும் மண்டையில் ஏறாது.

பிறகு எங்கே சிக்குகிறது என்று நோட்டில் பாருங்கள். 52-இல் 27 போக 35 என்று எழுதியிருந்தால், ஒன்றாம் இடத்தில் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது ஒன்றுதான் புரியவில்லை. கணக்கே வராமல் இல்லை. இதை அதனிடமே சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைத்து, 27 எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டைப் பிரித்தே ஆகவேண்டும் என்பது கைக்கே தெரியும். பொறுமையிழந்து பென்சிலை நீங்கள் வாங்கிப் போட்டுக்காட்டினால் எல்லாம் வீண்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். மியூலர், ட்வெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, ஒருமுறை தோற்றதும் அதிகம் துவண்டார்கள். அதற்காக, தப்பான விடைக்கு 'நல்லா முயற்சி பண்ணே' என்பதும் உதவாது. 'கட்டைப் பிரிக்கணும்னு நீயே கண்டுபிடிச்சே' என்று, செய்ததைச் சொல்லுங்கள்.