வங்கிக்கு அபராதம்: ரிசர்வ் வங்கியிடம் வைப்புதாரர் என்ன கேட்கலாம்?

கேள்வி: கோத்தகிரி அருகே ஹட்டி எனப்படும் மலைச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் சிறு தேயிலை விவசாயி நான். பச்சைத் தேயிலை விற்றதில் மிச்சம் பிடித்த பணத்தை ஒரு நகரக் கூட்டுறவு வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருக்கிறேன். அந்த வங்கிக்கு ரிசர்வ் வங்கி அபராதம் விதித்ததாக நாளிதழில் படித்தேன். கிளையில் விசாரித்தால், அது ரகசியம் என்கிறார்கள். ஆய்வில் என்ன கண்டார்கள் என்று ரிசர்வ் வங்கியிடமே நான் கேட்கலாமா? எல்லா வங்கிகளையும் கேள்வி கேட்கும் ரிசர்வ் வங்கியை யார் கேள்வி கேட்பது?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். அதற்கு முன், கிளையில் ரகசியம் என்று சொல்லப்பட்டதில் ஒரு பகுதி ஏற்கெனவே பகிரங்கமாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 47ஏ பிரிவின் கீழ் ஒரு வங்கிக்கு அபராதம் விதிக்கும்போது, ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் செய்திக்குறிப்பு வெளியிடுகிறது. அபராதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதியிலான நிதிநிலையை வைத்து ஆய்வு நடந்தது, எந்த விதி மீறப்பட்டது என்பவை அதில் இருக்கும். வங்கியும் தன் ஆண்டுக் கணக்கின் குறிப்புகளில் அந்த அபராதத்தைக் காட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் அடையாள ஆவணங்களைப் புதுப்பிக்கத் தவறியது போன்ற குறை என்றால், என் கணிப்பில் நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இயக்குநர்களுக்கோ அவர்களுடைய உறவினர்களுக்கோ கடன் கொடுத்தது குற்றம் என்று எழுதியிருந்தால், மேற்கொண்டு விசாரிப்பது நியாயம்.

செய்திக்குறிப்பு முடிவை மட்டுமே சொல்லும். ஆய்வறிக்கை அதில் இருக்காது. அதைப் பெறுவதற்கான வழி 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வங்கிகள் தங்களை நம்பிக் கொடுத்த விவரங்களை வெளியிட முடியாது என்று ரிசர்வ் வங்கி நெடுங்காலம் வாதாடி வந்தது. குஜராத்தைச் சேர்ந்த ஜெயந்திலால் மிஸ்திரி தொடர்ந்த வழக்கில், 2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. ஆய்வறிக்கை என்பது சட்டக் கடமையின் பேரில் பெறப்படுவது, நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்படுவது அன்று. ரிசர்வ் வங்கி காக்க வேண்டியது பொதுநலனை, தனிப்பட்ட வங்கிகளின் நலனை அன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். மிஸ்திரி கேட்ட விவரமும் ஒரு கூட்டுறவு வங்கியைப் பற்றியதுதான் என்பதால், உங்கள் விண்ணப்பத்தில் இத்தீர்ப்பைக் குறிப்பிடுவது மிகவும் பொருந்தும்.

தீர்ப்பு வந்த மறுநாளே கதவு திறந்துவிடவில்லை. 2016இல் ரிசர்வ் வங்கி வகுத்த வெளியீட்டுக் கொள்கை, பல தகவல்களை மீண்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்தது. அது தீர்ப்புக்கு முரணானது என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, கொள்கையைத் திரும்பப் பெறச் சொன்னது. பிறகு வங்கிகளே நேரடியாக நீதிமன்றம் சென்றன. 2015 தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரிய மனுக்கள் 2021இல் தள்ளுபடியானாலும், வங்கிகள் தனியாகத் தாக்கல் செய்த ரிட் மனுக்கள் விசாரணைக்கு உகந்தவை என்று 2022 செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே, நீங்கள் அறிக்கை கேட்டால் உங்கள் வங்கி ஆட்சேபம் எழுப்பும் என்று எதிர்பார்த்தே எழுதுங்கள். சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி அந்த வங்கிக்கு நோட்டீஸ் அனுப்பப்படும். பதில் சொல்ல 10 நாள் அவகாசம் உண்டு. விண்ணப்பம் கிடைத்த 40 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். வழக்கமான விண்ணப்பத்துக்கு 30 நாட்கள்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பிக்கும் இடத்தின் ஆட்சிமொழியை 6ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. கட்டணம் 10 ரூபாய். அஞ்சல் ஆணையாக இணைத்து விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 500 சொற்களுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால், பக்கத்தில் பாதி கூடத் தேவையில்லை.

பலர் சறுக்குவது கேள்வியை அமைக்கும் விதத்தில்தான். 'இந்த வங்கியில் பணம் போடுவது பாதுகாப்பானதா?', 'ஏன் இவ்வளவு குறைவாக அபராதம் விதித்தீர்கள்?' என்றெல்லாம் கேட்டால், கருத்துச் சொல்வது எங்கள் வேலை அன்று என்ற ஒற்றை வரி வந்து சேரும். ரிசர்வ் வங்கியின் கையில் இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தேதியிட்ட அபராத ஆணையின் நகல், அதற்கு முன் அனுப்பிய விளக்கம் கேட்கும் நோட்டீஸின் நகல், இந்த நிதியாண்டு ஆய்வறிக்கையில் அபராதத்துக்கு அடிப்படையான பகுதிகள். முழு அறிக்கையைக் கேட்பதைவிட இப்படிக் குறுக்கிக் கேட்பது பலன் தரும். விலக்குப் பெற்ற வரிகள் இருந்தால் அவற்றை மறைத்துவிட்டு எஞ்சியதை 10ஆம் பிரிவின்படி தரும்படியும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்து ஊர்க்காரர் யாருக்கு எவ்வளவு கடன் என்ற விவரம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

மறுப்பு வந்தால் 30 நாட்களுக்குள் ரிசர்வ் வங்கியின் முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கும், அதிலும் பயனில்லையென்றால் 90 நாட்களுக்குள் டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கும் எழுதலாம். மலையிறங்கி டெல்லி வரை போக வேண்டுமோ என்று தயங்காதீர்கள். ஆணையத்தின் விசாரணைகள் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரிலிருந்தே காணொலி வழியாக நடக்கின்றன. உங்களுக்கு அது உதகமண்டலம்.

இதற்கு இணையாக இன்னொரு வழியும் உண்டு. அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். கூட்டுறவுச் சங்கங்கள் தம்மளவில் பொது அதிகார அமைப்புகள், அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பதில் சொல்லக் கடமைப்பட்டவை, ஆகிவிடா என்று 2013 அக்டோபரில் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால்தான் கிளையில் உங்களுக்குக் கைவிரிக்கிறார்கள். ஆனால் அதே தீர்ப்பு, கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் சட்டப்படி அச்சங்கத்திடம் பெறக்கூடிய தகவலை, குடிமக்கள் பதிவாளரிடம் கேட்கலாம் என்றும் கூறியது. ஆகவே தணிக்கை அறிக்கையைக் கேட்டு மாவட்டக் கூட்டுறவு இணைப்பதிவாளர் அலுவலகத்துக்கு இன்னொரு விண்ணப்பம் போடுங்கள். அது மாநில அரசு அலுவலகம் என்பதால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். இரண்டாம் மேல்முறையீடு தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகும். வங்கியில் நீங்கள் பங்கு வைத்திருக்கும் உறுப்பினர் என்றால், பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமையும் உண்டு.

வைப்புத்தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. வைப்புக் காப்பீடு, 2020 பிப்ரவரி 4 முதல், ஒரு வங்கியின் எல்லாக் கிளைகளையும் சேர்த்து ஒருவருக்கு வட்டி உட்பட 5 லட்சம் ரூபாய் வரை. இது வங்கிகளுக்கு மட்டும். ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட பணத்துக்கு இந்தக் காப்பீடு பொருந்தாது. அந்தச் சங்கங்களை ரிசர்வ் வங்கி கண்காணிப்பதும் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ரிசர்வ் வங்கியைக் கேட்போர் பலர் உண்டு, ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. வட்டி விகித முடிவுகளில் வெளிப்படைத்தன்மை அதிகம்: 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி ஆறு பேர் கொண்ட நிதிக் கொள்கைக் குழு வாக்களித்து முடிவெடுக்கிறது, யார் எப்படி வாக்களித்தார், ஏன் என்ற விவரம் கூட்டம் முடிந்த 14ஆம் நாள் வெளியிடப்படுகிறது. ஆனால் 2022இல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் 6 சதவீத வரம்பைத் தாண்டியபோது, அந்தத் தோல்விக்கான காரணங்களை விளக்கி மத்திய அரசுக்கு ரிசர்வ் வங்கி எழுத வேண்டியிருந்தது. அந்தக் கடிதம் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. அதை வெளியிடச் சட்டத்தில் வழி சொல்லப்படவில்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வெளியிடக் கூடாது என்றும் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை என்பதை நான் இங்கே சுட்டிக்காட்டுவேன்.

கணக்குகளைத் தணிக்கை செய்வோரை மத்திய அரசே நியமிக்கிறது. சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஆண்டுதோறும் உள்ளே வருவதில்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி அரசு பணித்தால் மட்டுமே ஆராயலாம். 2024-25 நிதியாண்டுக்கு மட்டும் சுமார் 2.69 லட்சம் கோடி ரூபாயை உபரியாக அரசுக்கு வழங்கிய ஒரு நிறுவனத்துக்கு இந்த ஏற்பாடு போதுமா என்று எனக்கு ஐயம் உண்டு. நாடாளுமன்ற நிதி நிலைக்குழு ரிசர்வ் வங்கி ஆளுநரை அழைத்து விசாரிக்கலாம். பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு 2017 ஜனவரியில் அப்போதைய ஆளுநர் உர்ஜித் படேல் அக்குழுவின் முன் அமர்ந்தார். அந்த அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்பு கூடிய ரிசர்வ் வங்கியின் மத்திய இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பு, 2019இல் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒன்றின் மூலம் பெறப்பட்டது. கறுப்புப் பணத்தில் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, தங்கமாகவும் நிலமாகவும் இருக்கிறது என்று இயக்குநர் குழுவே அதில் குறித்திருந்தது.

இதிலிருந்து தெரிவது, தான் எடுத்த முடிவை ரிசர்வ் வங்கி ஓரளவு சொல்லிவிடும். மற்ற வங்கிகளில் தான் கண்டதைச் சொல்லத்தான் தயங்கும். உங்கள் விண்ணப்பம் அந்தத் தயக்கமான பகுதியில் விழுவதால் மாதக்கணக்கில் ஆகலாம். காத்திருக்கும் வேளையில், நீலகிரி மக்களவை உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நகரக் கூட்டுறவு வங்கிகளின் ஆய்வறிக்கைகள் எத்தனை முறை கேட்கப்பட்டன, எத்தனை தரப்பட்டன என்ற கேள்வியை அவர் மக்களவையில் எழுப்பினால், நிதி அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும். கேள்வியில் உங்கள் வங்கியின் பெயர் வேண்டாம்; அது வீண் பீதியைக் கிளப்பும்.